வேனின் எஞ்சினை வீட்டில் இறக்கலாமா? கணக்குப் பார்த்து முடிவெடுங்கள்

கடையின் முன்கதவு வாடிக்கையாளருக்கு என்றால், வேனின் பின்கதவு வியாபாரத்துக்கு. வேன் ஓடாவிட்டால் சரக்கு நகராது. சரக்கு நகராவிட்டால் கொடுத்த செக்கும் ஓடாது. அதனால்தான் வேனின் எஞ்சின் புகை கக்க ஆரம்பித்தவுடனேயே நமது வியாபாரிகளின் முகத்திலும் புகை படிந்துவிடுகிறது.

ஒரு காலத்தில் எஞ்சின் தேய்ந்தால் வேனை விற்றுவிட்டு வேறொன்று பார்க்கும் வழக்கம் நம்மில் பலரிடம் இருந்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டதோடு அந்த வழி அடைபட்டது. 2022 ஆரம்பத்தில் 200 ரூபா அளவில் இருந்த டொலர் அதே வருடத்தின் நடுப்பகுதியில் 360 ரூபா அளவுக்கு ஏறியது. 2025 ஆரம்பத்தில் இறக்குமதிக்கு மீண்டும் அனுமதி கிடைத்தபோதும், வரியும் டொலரும் சேர்ந்து விலையை நடுத்தர வியாபாரியின் கைக்கு எட்டாத உயரத்திலேயே வைத்துவிட்டன. ஆகவே 25, 30 வருடப் பழைய வேனாக இருந்தாலும் அதன் எஞ்சினைச் செய்து ஓட்டுவதே பலருக்கும் இலாபமாகத் தெரிகிறது.

இந்த இடத்தில்தான் ஒரு யோசனை எழுகிறது. "கராஜில் கொண்டுபோய்ப் போட்டால் நாள் கணக்கில் கிடக்கும். பாஸை வீட்டுக்கே அழைத்து, முற்றத்திலேயே எஞ்சினை இறக்கினால் என்ன?" தவறான யோசனை அல்ல. ஆனால் எந்த வழியில் இறக்குவது, அதற்கு நமது வீடும் வாகனமும் ஏற்றவைதானா என்பதைப் பார்க்காமல் இறங்கினால், சுண்டைக்காய் கால் பணம், சுமைகூலி முக்கால் பணம் என்ற கதையாகிவிடும். பணம் போனால் உழைத்துக்கொள்ளலாம். இதில் கையும் காலும் உயிரும்கூடப் போகக்கூடும் என்பதால்தான் இவ்வாரம் இதைப்பற்றிச் சற்று விரிவாக எழுதுகிறேன்.

முதலில், இறக்கத்தான் வேண்டுமா?

எஞ்சினை இறக்காமலே முடிக்கக்கூடிய வேலைகள் பல உண்டு. சிலிண்டர் ஹெட் கேஸ்கட் போனால் ஹெட்டை மட்டும் கழற்றினால் போதும். டைமிங் பெல்ட், வோட்டர் பம்ப், ஸ்டார்ட்டர், எஞ்சின் மவுண்டிங் என்பவை எஞ்சின் இருந்த இடத்திலேயே மாற்றப்படுபவை. கிளச் தட்டு தேய்ந்திருந்தால் பெரும்பாலான வாகனங்களில் கியர் பொக்ஸை மட்டும் இறக்கினால் போதும்.

பிஸ்டன் ரிங், சிலிண்டர், கிராங் ஷாஃப்ட், பியரிங் ஆகியவை தேய்ந்தால்தான் எஞ்சினை முழுதாக வெளியே எடுக்கும் தேவை வருகிறது. அல்லது பழையதைக் கழித்துவிட்டு வேறு எஞ்சின் போடுவதாக இருக்க வேண்டும். இதை ஊகத்தால் தீர்மானிக்கக்கூடாது. கொம்பிரஷன் பார்க்கும் மீட்டர் நல்ல பாஸ்மார் எல்லோரிடமும் இருக்கும். ஒவ்வொரு சிலிண்டரையும் தனித்தனியே அளந்து எழுதித் தரச் சொல்லுங்கள். அளவு குறைந்த சிலிண்டருக்குள் சிறிது ஓயில் விட்டு மீண்டும் அளந்தால், அளவு ஏறுகிறதா என்று தெரியும். ஏறினால் ரிங் அல்லது சிலிண்டர் தேய்ந்திருக்கிறது. ஏறாவிட்டால் வால்வு அல்லது கேஸ்கட்டில் கோளாறு இருக்கக்கூடும். வால்வு என்றால் ஹெட்டோடு வேலை முடிந்துவிடும். இந்தச் சோதனைக்குச் செலவாகும் அரை நாள், பல ஆயிரம் ரூபாவைக் காப்பாற்றித் தரும்.

வீடா, கராஜா?

நாம் வியாபாரிகள். எனவே கணக்கைப் போட்டுப் பார்ப்போம். கீழே வரும் தொகைகள் உதாரணத்துக்கு மட்டுமே. உங்கள் ஊர் விலையை அந்த இடத்தில் போட்டுக்கொள்ளுங்கள்.

கராஜில் எஞ்சினை இறக்கி ஏற்றக் கூலி 60,000 ரூபா என்று வைப்போம். வேன் 12 நாள் கிடக்கிறது. அந்த நாள்களில் சரக்குக் கொண்டுபோக வாடகை வாகனத்துக்கு நாளொன்றுக்கு 6,000 ரூபா. அது 72,000. மொத்தம் 1,32,000 ரூபா.

வீட்டில் செய்தால் பாஸுக்கு 35,000. எஞ்சின் கிரேன் மூன்று நாள் வாடகை, நாளுக்கு 4,000 வீதம் 12,000. உதவியாளுக்கு இரண்டு நாளுக்கு 8,000. ஆக 55,000. வேலை 8 நாளில் முடிந்தால் வாடகை வாகனம் 48,000. மொத்தம் 1,03,000 ரூபா.

மிச்சம் 29,000 ரூபா. ஆனால் அந்த 29,000 எங்கிருந்து வந்தது என்று பாருங்கள். கூலியில் மிச்சம் 5,000 மட்டுமே. மீதி 24,000 ரூபாவும் நாள்களில் கிடைத்த மிச்சம். வீட்டு வேலை இழுபட்டு 13 நாளாகிவிட்டால் கராஜைவிட 1,000 ரூபா அதிகமாகிவிடும். எனவே, கூலி குறைவு என்பதற்காக வீட்டில் செய்வது தவறான கணக்கு. நாள் குறையும் என்ற உறுதி இருந்தால் மாத்திரமே வீட்டில் செய்வதில் பயன் உண்டு.

நாள் எங்கே போகிறது என்பதையும் தெரிந்துகொள்ள வேண்டும். தேர்ந்த ஒரு பாஸும் ஓர் உதவியாளும் சேர்ந்தால் சாதாரண எஞ்சினை ஒரு நாளில் வெளியே எடுத்துவிடுவார்கள். லேத் வேலைத்தளத்திலும் உதிரிப்பாகத்துக்கான காத்திருப்பிலும்தான் நாள்கள் கரைகின்றன. கிராங் ஷாஃப்டை அளந்து பார்த்த பின்புதான் பழைய அளவு பியரிங் போதுமா, கடைந்து 0.25 மில்லிமீற்றர் குறைந்த அளவு போட வேண்டுமா என்று தெரியும். பிஸ்டனும் அப்படித்தான். ஆகவே பியரிங்கையும் பிஸ்டனையும் முன்கூட்டியே வாங்கி வைக்கக்கூடாது. கேஸ்கட் செட், ஓயில் சீல், மவுண்டிங், ஹோஸ் போன்றவற்றை முன்பே வாங்கி வைக்கலாம். லேத் வேலைத்தளத்தில் நமது முறை எந்த நாளில் வரும் என்பதைக் கேட்டுக்கொண்டு, அதற்கு முதல்நாள் எஞ்சினை இறக்குங்கள். நோன்பு மாதமும் பெருநாள் வியாபாரமும் நெருங்கும் நேரத்தில் இந்த வேலையைத் தொடங்கவே வேண்டாம்.

நிலம் சரியா?

வழியைத் தேர்ந்தெடுக்குமுன் தரையைப் பாருங்கள். கொங்கிறீட் போட்ட, சமமான தரை அவசியம். மண் முற்றத்தில் ஜெக் புதையும், கிரேனின் சில்லு ஓடாது. மழை பெய்தால் கேட்கவே வேண்டாம். சரிவான தரையில் வாகனம் நகர்ந்துவிடும். மேலே கூரையும், வாகனத்தைச் சுற்றி ஓர் ஆள் தாராளமாக நடக்கும் இடமும், எஞ்சின் தூக்கப்பட்ட பின் வாகனத்தைப் பின்னால் தள்ள ஒரு வாகன நீளத்துக்கு வெறுமையும் வேண்டும். வீட்டில் கிணறு இருந்தால் அதற்குத் தூரமாக வேலை நடக்க வேண்டும். பழைய ஓயில் மண்ணில் ஊறினால் கிணற்று நீர் கெடும். அதை ஒரு கேனில் பிடித்து, பழைய ஓயில் எடுப்பவரிடம் கொடுத்துவிடுங்கள்.

நான்கு வழிகள்

எஞ்சினைத் தூக்க நம் ஊர்களில் நான்கு வழிகள் கையாளப்படுகின்றன. சாதாரண நான்கு சிலிண்டர் பெற்றோல் எஞ்சின், கியர் பொக்ஸோடு சேர்த்தால் 150 கிலோவுக்கு மேல் போகும். வேனின் டீசல் எஞ்சின் தனியாகவே 200 கிலோவைத் தாண்டக்கூடும். நான்கு மூட்டை அரிசியை ஒரே கொக்கியில் தொங்கவிடுகிறோம் என்று நினைத்துக்கொள்ளுங்கள்.

முதலாவது, மரக்கொப்பிலோ வீட்டு வளையிலோ செயின் புளொக்கைக் கட்டித் தூக்குவது. செலவே இல்லை என்பதால் பலரும் விரும்பும் வழி இது. ஆபத்தில் முதலிடமும் இதற்குத்தான். செயின் புளொக் நல்ல கருவி. ஒரு தொன் தாங்கும் செயின் புளொக் எந்த வேன் எஞ்சினையும் தூக்கும். சங்கிலியை விட்டாலும் பாரம் அப்படியே நிற்கும். அங்குலம் அங்குலமாக இறக்கலாம். ஆனால் அது தொங்கும் இடம்தான் கேள்வி. வீட்டு வளை ஓட்டையும் தகட்டையும் தாங்கப் போடப்பட்டது. கராஜ் கூரையின் இரும்புக் குழாயும் அப்படியே. கொங்கிறீட் தட்டில் மின்விசிறிக்கு வைத்த கொக்கியைப் பற்றிப் பேசவே வேண்டாம். மரக்கொப்பு உள்ளே உளுத்திருப்பது வெளியே தெரியாது.

"தம்பி, இந்த மாங்கொப்புத் தாங்குமா?"

"போன முறை தாங்கினது தானே நானா!"

நம் முற்றங்களில் அடிக்கடி கேட்கும் பேச்சு இது. போன முறை தாங்கியது இந்த முறைக்கு உத்தரவாதம் அல்ல. ஒருவருக்குக் கடந்த மாதம் கடன் திரும்பி வந்தது என்பதற்காக இந்த மாதம் எழுத்தில்லாமல் இரண்டு மடங்கு கடன் கொடுப்போமா? கொப்பும் அப்படித்தான். இந்த வழியை விட்டுவிடுங்கள்.

இரண்டாவது, இரும்புக் குழாயில் செய்த முக்காலி அல்லது இருபுறமும் கால் உள்ள சட்டம் நிறுத்தி அதில் செயின் புளொக் மாட்டுவது. சரியாகச் செய்தால் நல்ல வழி. சாதாரண காரின் அகலமே ஐந்தரை அடி வரும். எனவே முக்காலியின் கால்கள் அந்த அகலத்தைத் தாண்டி விரிய வேண்டும், விரிந்த பின்பும் போதிய உயரம் இருக்க வேண்டும். 12 அடிக்குக் குறைந்த குழாய் இதற்குப் போதாது. கால்கள் வழுக்கி விரியாதபடி அடியில் மூன்றையும் சங்கிலியால் பிணைக்க வேண்டும். இருபுறமும் கால் உள்ள சட்டம் இதைவிடப் பத்திரமானது. ஆனால் அதன் குறுக்குச் சட்டம் வெல்டிங் தெரிந்தவரால் பாரம் கணித்துச் செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். இந்த முறையில் எஞ்சின் மேலும் கீழும்தான் போகும். அதைத் தூக்கிய பின் வாகனத்தைப் பின்னே தள்ளித்தான் எடுக்க வேண்டும்.

மூன்றாவது, எஞ்சின் கிரேன். சில்லு பூட்டிய கால்களும், ஹைட்ரோலிக் ஜெக்கால் உயரும் கையும் கொண்டது. வாடகைக்கும் எடுக்கலாம். பொனட் திறந்து மேலாக எடுக்கும் கார்களுக்கு வீட்டில் செய்யக்கூடியவற்றுள் இதுவே சிறந்தது. கவனிக்க வேண்டிய விடயம் ஒன்று உண்டு. "இரண்டு தொன் கிரேன்" என்று எழுதியிருந்தால், கையை முழுதாக உள்ளிழுத்து வைத்திருக்கும்போதுதான் அது இரண்டு தொன். கையை நீட்ட நீட்டத் தாங்கும் அளவு குறைந்து, முழுதாக நீட்டினால் அரைத் தொன் அளவுக்கு வந்துவிடும். கையிலேயே துளைகளுக்கு அருகில் அளவு எழுதப்பட்டிருக்கும். அதைப் பார்க்காமல் பாரம் ஏற்றக்கூடாது. எஞ்சின் வாகனத்தை விட்டு வெளியே வந்ததும் உடனே தாழ இறக்கிவிட்டுத்தான் கிரேனை உருட்ட வேண்டும். உயரத்தில் தொங்கவிட்டு உருட்டினால், ஒரு சிறு கல் சில்லில் மாட்டினாலும் கிரேனே கவிழும்.

நான்காவது, எஞ்சினைக் கீழே இறக்கி, வாகனத்தை அதற்கு மேலாகத் தூக்குவது. பல வேன்களுக்கும் சில புதிய கார்களுக்கும் இதுதான் இயல்பான வழி. ஆனால் எஞ்சின் அடியால் வெளியே வர வேண்டுமானால் வாகனத்தின் முன்பகுதி இரண்டரை அடி அளவுக்கு உயர வேண்டும். லிஃப்ட் உள்ள கராஜில் அது சில நிமிட வேலை. வீட்டில் ஜெக்கும் ஸ்டாண்டும் வைத்து அந்த உயரத்துக்குப் போவது கயிற்றில் நடப்பது போன்றது. லிஃப்டோ, நன்றாகக் கட்டப்பட்ட குழியோ இல்லாத இடத்தில் இந்த வழியைத் தேர்ந்தெடுக்காதீர்கள்.

எந்த வாகனத்துக்கு எது?

கொரோலா, மாருதி போன்ற, முன்னால் எஞ்சின் உள்ள கார்கள்: பொனட்டைக் கழற்றிவிட்டு, எஞ்சினையும் கியர் பொக்ஸையும் சேர்த்து மேலாகத் தூக்குவது பெரும்பாலும் நடப்பது. எஞ்சின் கிரேன் போதும். மாருதி 800இன் மூன்று சிலிண்டர் எஞ்சின் சிறியது என்பதால் வேலை இன்னும் இலகு. வீட்டில் செய்யத் தகுந்தவை இவைதான்.

டொல்பின் என்று நம்மவர்கள் அழைக்கும் டொயோட்டா ஹயேஸ், டவுன்ஏஸ், லைட்ஏஸ்: எஞ்சின் முன் ஆசனங்களுக்கு அடியில் இருக்கிறது. மேலே பொனட் இல்லை. ஆசனங்களையும் மூடியையும் கழற்றிவிட்டு, கதவு வழியாகக் கிரேனின் கையை உள்ளே விட்டுத் தூக்குவோரும் உண்டு. அப்படிச் செய்யும்போது கை முழுதாக நீண்டிருக்கும். அதாவது கிரேன் மிகவும் பலவீனமான நிலையில் இருக்கும்போது மிகவும் பாரமான டீசல் எஞ்சினைத் தூக்குகிறோம். கீழால் இறக்குவதுதான் முறை. எனவே இந்த வேன்களை வைத்திருப்போருக்கு எனது ஆலோசனை, லிஃப்ட் அல்லது குழி உள்ள கராஜுக்குக் கொண்டுபோய், எஞ்சினை இறக்கும் வேலைக்கும் ஏற்றும் வேலைக்கும் மட்டும் கூலி பேசுவதே. லேத் வேலையையும் உதிரிப்பாகம் வாங்குவதையும் நீங்களே கவனித்தால் நாள் குறையும், செலவும் உங்கள் கண்ணுக்கு முன்னால் இருக்கும்.

டிமோ பட்டா என்று பெயரெடுத்த டாட்டா ஏஸ்: இரண்டு சிலிண்டர், 700 சீ.சீ. அளவுள்ள சிறிய டீசல் எஞ்சின். பாரம் குறைவு. ஆனாலும் அதுவும் இரும்புதான், விழுந்தால் காலை நசுக்கும். கருவி இல்லாமல் ஆள்பலத்தால் தூக்கப் போகக்கூடாது.

பிரியஸ், அக்குவா போன்ற ஹைபிரிட் கார்கள்: வீட்டில் கை வைக்கவே வேண்டாம். பிரியஸின் பெட்டரி 200 வோல்ட் அளவிலானது. அதைத் துண்டித்த பின்பும் இன்வேட்டருக்குள் சில நிமிடங்களுக்கு மின்சாரம் தங்கியிருக்கும். அந்தப் பயிற்சி பெற்றவரிடமே கொடுங்கள்.

வேலை நடக்கும் முறை

பாஸ்மாருக்குத் தெரியாததை நான் சொல்லிவிடப் போவதில்லை. ஆனால் பணம் கொடுக்கும் முதலாளிக்கும் ஒழுங்கு தெரிந்திருந்தால், எந்த இடத்தில் அவசரப்படுகிறார்கள் என்று கண்டுகொள்ளலாம்.

முதல்நாள் இரவே சைலன்சர் குழாய் இணையும் துருப்பிடித்த நட்டுகளுக்குத் துரு இளக்கும் ஓயில் அடித்து வையுங்கள். ஒரு நட்டு உடைந்தால் அரை நாள் போகும். எஞ்சின் அறையைப் பல கோணங்களில் கைத்தொலைபேசியில் படம் எடுத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு வயருக்கும் குழாய்க்கும் டேப் ஒட்டி இலக்கம் எழுதுங்கள். நட்டுகளைப் பகுதி பகுதியாக வெவ்வேறு பொலித்தீன் பைகளில் போடுங்கள். கடையில் சரக்கை லேபல் ஒட்டி அடுக்குவது நமக்குப் புதிதல்லவே.

மறுநாள் எஞ்சின் குளிர்ந்திருக்கும்போதுதான் ஆரம்பிக்க வேண்டும். சூடான ரேடியேட்டரைத் திறந்தால் முகம் வெந்துவிடும். பெற்றோல் இன்ஜெக்ஷன் வாகனமாக இருந்தால், எரிபொருள் பம்பின் ஃபியூஸைக் கழற்றி, எஞ்சின் தானாக நிற்கும் வரை ஓடவிட்டுக் குழாயின் அழுத்தத்தை இறக்க வேண்டும். எஞ்சின் மறுபடி ஆறிய பின் பெட்டரியின் மறை முனையை முதலில் கழற்ற வேண்டும். பிறகு தண்ணீரும் ஓயிலும் வடிக்கப்பட வேண்டும்.

ஏ.சி. குழாயைக் கழற்றி வாயுவை வெளியே விடுவது நம் ஊரில் வழக்கமாகிவிட்டது. அது தேவையே இல்லாத நட்டம். பெரும்பாலான வாகனங்களில் கொம்பிரசரை மட்டும் நட்டுக் கழற்றி, குழாயோடு ஓரமாகக் கட்டி வைக்கலாம். பவர் ஸ்டியரிங் பம்பும் அப்படியே. மீண்டும் காஸ் அடிக்கும் பணம் மிச்சம்.

டீசல் வாகனத்தில் எரிபொருள் பம்ப், இன்ஜெக்டர் குழாய்களின் வாய்களைச் சுத்தமான மூடியாலோ பொலித்தீனாலோ அடைத்துக் கட்ட வேண்டும். அதற்குள் போகும் ஒரு சிட்டிகை மண் பம்பையே அழித்துவிடும்.

சங்கிலியை எஞ்சினோடு வரும் தூக்கு வளையங்களிலேயே மாட்ட வேண்டும். அலுமினியக் குழாயிலோ மெனிஃபோல்டிலோ மாட்டக்கூடாது. தும்புக் கயிறும் நைலோன் கயிறும் ஆகாது. எஞ்சினின் பாரத்தைச் சங்கிலி ஏற்றுக்கொண்ட பின்பே கடைசி மவுண்டிங் நட்டைக் கழற்ற வேண்டும். பிறகு இரண்டு அங்குலம் தூக்கி நிறுத்திவிட்டுச் சுற்றிலும் பாருங்கள். மறந்துபோன எர்த் வயர் ஒன்று இழுபட்டுக்கொண்டு நிற்பது பெரும்பாலும் இந்த நேரத்தில்தான் தெரியவரும். வராத எஞ்சினைப் பலவந்தமாக இழுக்கக்கூடாது. ஏதோ ஒன்று இன்னும் பிடித்துக்கொண்டிருக்கிறது என்றே அர்த்தம்.

ஓட்டோமெட்டிக் வாகனத்தில் எஞ்சினை மட்டும் எடுக்கும்போது டோர்க் கொன்வேட்டர் கியர் பொக்ஸோடு தங்க வேண்டும். திரும்பப் பூட்டும்போது அது முழுதாக உள்ளே அமர்ந்திருக்கிறதா என்று பார்க்காமல் நட்டை இறுக்கினால், கியர் பொக்ஸின் ஓயில் பம்ப் உடையும். எஞ்சின் செய்யப்போய் கியர் பொக்ஸும் வாங்கும் நிலை இப்படித்தான் வருகிறது.

உயிருக்கு விலை இல்லை

ஜெக் என்பது வாகனத்தைத் தூக்குவதற்கான கருவி. தாங்கி வைத்திருப்பதற்கானது அல்ல. தூக்கியவுடன் இரும்பு ஸ்டாண்ட் வைத்து, தரையில் இருக்கும் சில்லுகளுக்கு முன்னும் பின்னும் கட்டை கொடுக்க வேண்டும். சீமெந்துக் கல்லை அடுக்கி அதன்மேல் வாகனத்தை நிறுத்தும் பழக்கம் நம்மிடம் ஆழமாக வேரூன்றியிருக்கிறது. சுவரில் பாரம் பரவி இறங்கும்போது தாங்கும் அந்தக் கல், ஒரு புள்ளியில் பாரம் ஏறினால் எந்தச் சத்தமும் இல்லாமல் வெடித்து நொறுங்கும். அடியில் படுத்திருப்பவருக்கு உருண்டு தப்ப நேரம் கிடைக்காது. ஒரு சோடி ஸ்டாண்டின் விலை, ஒரு பெட்டரியின் விலையோடு ஒப்பிட்டாலும் பெரிய தொகை அல்ல. பாஸிடம் இல்லாவிட்டால் நீங்களே வாங்கிக் கொடுங்கள்.

தொங்கும் எஞ்சினுக்கு அடியில் கையோ காலோ தலையோ போகக்கூடாது. இரவுக்கு எஞ்சினைத் தொங்கவிட்டுச் செல்லவும் கூடாது. பழைய டயரின் மேலோ மரச் சட்டத்தின் மேலோ இறக்கி வைக்க வேண்டும். வீடு என்பதால் பிள்ளைகள் இருப்பார்கள். பாடசாலை விட்டு வரும் பிள்ளைக்கு, தொங்கும் சங்கிலி ஊஞ்சலாகத்தான் தெரியும். வேலை முடியும் வரை அந்தப் பக்கம் யாரும் வராதபடி கயிறு கட்டுங்கள். பெற்றோல் வடிக்கும் இடத்தில் சிகரட், சமையலறை நெருப்பு, சூடேறும் குமிழ் விளக்கு எதுவும் இருக்கக்கூடாது. நீட்டும் வயர் ட்ரிப் சுவிட்ச் உள்ள இணைப்பிலிருந்தே வர வேண்டும்.

உதவிக்கு வரும் பையன் பெரும்பாலும் 18, 20 வயதுக்காரன். நாட்கூலிக்கு வருகிறான். அவனுக்கு இழப்பீடோ காப்புறுதியோ எதுவும் இருக்காது. "அடியில் போய் அந்த நட்டைப் பார்" என்று சொன்னால் மறுவார்த்தை பேசாமல் போவான். அவன் வேலை செய்வது நமது முற்றத்தில், நமது வேனுக்கு அடியில். நம் சொந்த மகனை அந்த இடத்தில் படுக்க விடுவோமா என்று ஒரு முறை கேட்டுப் பார்த்தால், ஸ்டாண்ட் வாங்குவதா இல்லையா என்ற கேள்வி எழாது.

எஞ்சின் வெளியே இருக்கும்போது

எஞ்சின் வெளியே இருக்கும்போது சில சில்லறைப் பாகங்களை மாற்றிவிடுவது இலாபம். கிளச் தட்டு, ரிலீஸ் பியரிங், கிராங்கின் பின்பக்க ஓயில் சீல், மவுண்டிங், வோட்டர் பம்ப், டைமிங் பெல்ட், ஹோஸ் என்பவை அவை. பின்பக்கச் சீலின் விலை சில ஆயிரம். அதை இப்போது மாற்றாமல் விட்டு, ஆறு மாதத்தில் ஓயில் ஒழுகினால், கியர் பொக்ஸை மறுபடியும் இறக்கத்தான் வேண்டும்.

பழையதைச் செய்யாமல், பஞ்சிகாவத்தையில் வேறு எஞ்சின் வாங்கிப் போடுவதாக இருந்தால் மூன்று விடயங்களைக் கவனியுங்கள். ஒன்று, பொதுவாகக் கிடைப்பது சில நாள்களுக்கான செக்கிங் வரன்டிதான். அது வாங்கிய நாளிலிருந்து ஓடும். எனவே பழைய எஞ்சினை இறக்கி, இடத்தைத் தயார் செய்துவிட்டுப் புதியதை வாங்குங்கள். வாங்கி வந்து முற்றத்தில் ஒரு வாரம் போட்டுவிட்டு, பூட்டிய பின் கோளாறு என்று போனால் கடைக்காரரைக் குறை சொல்ல முடியாது. இரண்டு, எஞ்சின் இலக்கம் தெளிவாக எழுதப்பட்ட பற்றுச்சீட்டு கட்டாயம். பற்றுச்சீட்டு இல்லாத எஞ்சின் எவ்வளவு மலிவாக இருந்தாலும் வேண்டாம். அது யாருடைய வாகனத்திலிருந்து வந்தது என்ற கேள்வி ஒரு நாள் உங்களிடம் கேட்கப்படும். மூன்று, வாகனப் பதிவில் இருக்கும் எஞ்சின் இலக்கமும் வாகனத்தில் இருக்கும் இலக்கமும் ஒன்றாக இருக்க வேண்டும். எஞ்சினை மாற்றினால் மோட்டார் வாகனப் போக்குவரத்துத் திணைக்களத்தில் பதிவைத் திருத்திக்கொள்ளுங்கள். லீசிங்கில் உள்ள வாகனம் என்றால் அந்தக் கம்பனிக்கு முன்பே சொல்லுங்கள். காப்புறுதிக் கம்பனிக்கும் அறிவியுங்கள். இலக்கம் பொருந்தாத வாகனத்தை விற்கப் போனாலும், விபத்துக்கு இழப்பீடு கேட்டாலும் அப்போதுதான் தலைவலி தொடங்கும்.

பாஸோடு பேசும் பேச்சை ஒரு தாளில் எழுதிக்கொள்வது இருவருக்கும் நல்லது. என்னென்ன வேலை, கூலி எவ்வளவு, எத்தனை நாள், கிரேன் வாடகை யார் கணக்கில், உதவியாளின் கூலி யார் கணக்கில், பூட்டிய பின் ஒழுகினால் யார் பொறுப்பு என்பவை தெளிவாக இருக்கட்டும். முற்பணமாக முழுத் தொகையையும் கொடுத்துவிடாதீர்கள். இறக்கியதும் ஒரு பகுதி, ஏற்றியதும் ஒரு பகுதி, ஓட்டிப் பார்த்த பின் மீதி என்று பிரித்தால் வேலையும் ஒழுங்காக நடக்கும், மனக்கசப்பும் வராது.

முடிவாக, ஐந்து கேள்விகளை உங்களிடமே கேளுங்கள். கொங்கிறீட் போட்ட சமமான தரை இருக்கிறதா? வாகனம் மேலால் எஞ்சின் எடுக்கும் வகையா? கிரேனும் ஸ்டாண்டும் கையில் உண்டா? இதே வகை எஞ்சினை இறக்கிப் பழகிய பாஸா? வீட்டில் செய்வதால் நாள் உண்மையில் குறையுமா? ஐந்துக்கும் ஆம் என்றால் தாராளமாக முற்றத்தில் ஆரம்பியுங்கள். ஒன்றுக்கேனும் இல்லை என்ற பதில் வந்தால், வேனைக் கட்டியிழுத்துக்கொண்டு கராஜுக்குப் போங்கள். அந்தக் கட்டியிழுக்கும் கூலியை நட்டக் கணக்கில் எழுத வேண்டாம்.